மேடு ஏறாத வேன்

எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து சிறுத்துப்போகும். வேனுக்காக நான் வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தின் முதல் இரண்டு பக்கங்களை இன்றும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது. அதற்கு அப்புறம் வரும் ஏழு மாதத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். வேன் மேல் கொஞ்சம் கோபம், பட்டறைக்காரர்கள் மேல் நிறையக் கோபம், என் வீட்டுக்காரர் மேல் இருந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

அது ஒரு பழைய ஜப்பான் டீசல் வேன். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், ஒரு சின்னத் தொட்டி, கேஸ் அடுப்பு, மேலே ஒரு மின்விசிறி என்று அதை வீடாக்கி வைத்திருந்தார். நான் ஓய்வு பெற்றதும் வாங்கினேன். முப்பது வருடம் போர்ட் கிள்ளானில் ஒரு கொள்கலன் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, எந்த லோரி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதியவள் நான். அந்த லோரிகளில் ஒன்றை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அவர் ஜொகூர் போவார், குவாந்தான் போவார், கோத்தா பாரு போவார். திரும்பி வந்து அங்கே சாப்பிட்ட மீனைப் பற்றிச் சொல்வார். நான் கேட்டுவிட்டு மறுநாள் காலை வாசலில் எழுத உட்காருவேன். இந்த நாட்டை நான் கண்ணால் பார்த்ததைவிட அவர் வாயால் கேட்டதுதான் அதிகம். அதனால் வேன் முழுக்க முழுக்க என்னுடைய ஆசை. என் பணத்தில், என் பெயரில் வாங்கினேன்.

வாங்குவதற்குள் அவருடைய கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், வலது கண்ணில் எல்லாமே புகைமூட்டம். இனி லைசென்ஸ் கிடையாது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆகவே நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்காருவார். இந்த ஏற்பாடு அவருக்குச் செரிக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் இல்லாத பிரேக்கை மிதிப்பார். சிக்னல் பச்சையாகிவிட்டது என்று எனக்குச் சொல்வார். அவருக்கு அது தெரியாது, பின்னால் ஹாரன் அடிப்பதை வைத்துச் சொல்வார்.

முதல் ஒன்றரை வருடம் வேன் ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் காராக் நெடுஞ்சாலையில், கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பாவுக்கு ஏறும்போது சோர்ந்துவிட்டது. மூன்றாவது கியர், ஆக்ஸிலேட்டர் தரையைத் தொடுகிறது, வேகமோ எழுபதிலிருந்து ஐம்பது, ஐம்பதிலிருந்து முப்பது. இரண்டாவது கியருக்கு வந்தேன், அதிலும் இழுக்கவில்லை. வாழைத்தார் ஏற்றிய லோரி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. புகை இல்லை, சூட்டைக் காட்டும் முள் நடுவில் நிற்கிறது, சத்தத்தில் கோளாறு இல்லை. பலம் மட்டும் இல்லை. அவசரத் தடத்தில் ஒதுக்கி நிறுத்தி, தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறுகிறது. சில கிலோமீட்டர் போனதும் மறுபடியும் அதே கதை.

"கியர லேட்டா மாத்துற," என்றார் வீட்டுக்காரர். "மேட்டுல வண்டி சொல்றத கேட்டு ஓட்டணும். நீ அது கழுத்த நெரிக்கிற."

அன்றைக்கு அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். இன்றும் எனக்கு எரிச்சல் வருவது அப்படி நினைத்ததற்காகத்தான்.

அடுத்த தடவை சீக்கிரமே கியர் குறைத்தேன். அப்போதும் சோர்ந்தது. "ரொம்ப சீக்கிரம் குறைச்சுட்ட," என்றார். அன்றிலிருந்து கோபம் வந்தது, வந்தது போகவில்லை.

கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறைக்கு முதலில் கொண்டுபோனேன். சீனர், நல்ல மனிதர். டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர் இரண்டையும் மாற்றினார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். கிள்ளானில் மேடு ஏது? மேம்பாலம்தான் இருக்கிறது. அதில் ஏறி இறங்கி ஐந்து நிமிடத்தில் வந்து, "ஆன்டி, ஓகே ஆல்ரெடி! குவாட் லா!" என்று கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார். அந்த வாரமே செம்பா ஏற்றத்தில் நின்றேன். திரும்பப் போய்ச் சொன்னதும் வேனைத் தட்டிக்கொடுத்து, "சுடா துவா, ஆன்டி. யூ மீ சேம் சேம்," என்றார். வண்டிக்கு வயதாகிவிட்டதாம், எனக்கும் அவருக்கும் ஆன மாதிரி. நான் சிரிக்கவில்லை.

அடுத்தது செந்தூல். நம் பையன், டீசல் வேலையில் கெட்டிக்காரன் என்று என் தம்பி சொல்லி அனுப்பினான். சாவி என் கையில் இருக்கிறது, குறிப்புப் புத்தகம் என் கையில் இருக்கிறது, வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பட்டறைக்குள் ரிவர்ஸில் விட்டவள் நான். எங்கே சோர்ந்தது, எத்தனை நிமிடம் நின்றது, திரும்ப எடுத்து எவ்வளவு தூரம் போனது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அந்த மெக்கானிக் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"அங்கிள், ஆன்டி செகண்ட் கியருக்கு எப்ப வராங்க?"

"அதத்தான் தம்பி நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்," என்றார் இவர். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

இரண்டு பேரும் சம்பந்திகள் மாதிரி பேச ஆரம்பித்தார்கள். மேட்டில் எப்படி ஓட்ட வேண்டும், பெண்பிள்ளைகள் கிளட்ச்சில் கால் வைத்துக்கொண்டே ஓட்டுவார்கள், ஆட்டோ கியர் என்றால் பரவாயில்லை. நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். பம்ப்பைக் கழற்றிச் சரிபார்த்தான், இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தான், இரண்டு நாள் வைத்துக்கொண்டான். அடுத்த மாதம் செம்பா ஏற்றத்தில் அதே இடத்தில் நின்றேன். போன் செய்தால், "அப்ப இன்ஜினத் தொறந்துதான் பாக்கணும் ஆன்டி," என்கிறான்.

அதன் பிறகுதான் பிரிக்பீல்ட்ஸில் என் தம்பி வீட்டில் அந்தப் பேச்சு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மீன்கறி. தம்பி எனக்கு இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தான்.

"ஏன்க்கா கஷ்டப்படுற? என் ஃபிரெண்ட் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில தோசைக் கடை போடப் போறான். இந்த மாதிரி வேன்தான் தேடுறான். அவனுக்கு மேடெல்லாம் ஏற வேணாம் லா."

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், "அதான் சரி," என்றார். "இன்னும் ஒரு தடவ பார்ப்போம். செம்பாவுல நின்னுச்சுன்னா அன்னைக்கே கொடுத்துருவோம். ஓட்டத் தெரியாம இன்ஜினக் கெடுத்து வச்சா அப்புறம் யாரும் சீண்ட மாட்டான்."

என் பெயரில் இருக்கும் வேனை இரண்டு பேரும் சோற்றில் கறியை ஊற்றிப் பிசைந்துகொண்டே விற்றுவிட்டார்கள். இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். கை கழுவும் இடத்தில் தம்பியின் மனைவி என்ன அண்ணி என்றாள், ஒன்றுமில்லை என்றேன். வேன் போனால் எனக்கு மறுபடியும் அந்த வீட்டு வாசல்தான். அவர் வாயால் கேட்ட ஊர்களோடு என் காலம் முடிந்துவிடும். அதைவிட, மேடு ஏற்றத் தெரியாமல் ஒரு வேனைக் கெடுத்தவள் என்ற பெயர் குடும்பத்தில் நிலைத்துவிடும். என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் பைக்குள் இருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கிடங்கு வாசலில் எழுதிய மாதிரியேதான் இதிலும் கோடு போட்டு எழுதியிருந்தேன். கிளம்பிய நேரம், டீசல் எவ்வளவு, வண்டியில் எத்தனை பேர், எந்த இடத்தில் சோர்ந்தது, எத்தனை நிமிடம் நின்றோம். கோளாறு ஆரம்பித்ததிலிருந்து ஐந்து முறை அந்த மேட்டில் ஏறியிருக்கிறோம். நான்கு முறை சோர்ந்திருக்கிறது. ஒரே ஒரு முறை மூச்சு விடாமல் ஏறியிருக்கிறது. பெந்தோங்கில் ஒரு சாவு, அவசரமாகக் கிளம்பிய நாள் அது. அன்றைக்குப் பின்னால் கட்டிலில் என் நாத்தனாரும் அவள் மகளும் இருந்தார்கள், இரண்டு பேரும் நல்ல கனம். அப்படியும் ஏறியிருக்கிறது. அன்றைக்கு டீசல் போட நிற்கவில்லை. அரை டேங்க்.

மற்ற நான்கு நாளும் முழு டேங்க். நீண்ட பயணம் என்றால் கிள்ளானிலேயே வழிய வழிய நிரப்ப வேண்டும் என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம், லோரிக்காரச் சட்டம். நான் பல தடவை மேலும் கீழும் பார்த்தேன். எண்ணெய் நிறைய இருந்தால் வண்டி சோர்கிறது, குறைவாக இருந்தால் ஓடுகிறது. யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் எழுதியிருப்பது அதுதான்.

செந்தூல் மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். அவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரிப்பது எனக்குக் கேட்டது. "அப்ப எண்ணெயே போடாம ஓட்டுங்க ஆன்டி, கெந்திங் உச்சி வரைக்கும் போயிரும்," என்றான். போனை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

கடைசி முறை என்று அவர்கள் முடிவு செய்த சனிக்கிழமை வந்தது. அரை டேங்கில் போயிருக்கலாம். வேன் ஏறியிருக்கும், எல்லோர் வாயும் மூடியிருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் ஏறுவதில் எனக்கு என்ன பெருமை? அடுத்த மாதம் மறுபடியும் நின்றால் மறுபடியும் என் கியர்தான் என்பார்கள். முழு டேங்கே நிரப்புவோம் என்றேன். எண்ணெய் நிலையத்தில் நான் பணம் கட்டி டீசல் ஊற்றினேன். மூடியைத் திறப்பதும் போடுவதும் அவர் வேலை. வேனைக் கையால் தடவிக்கொண்டே வந்து, டேங்க் வாயைத் தேடி, சாவகாசமாகத் திருகி மூடுவார். அதற்கு மூன்று நிமிடம் ஆகும். பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். வண்டிக்கென்று அவர் செய்யும் ஒரே வேலை என்பதால் நான் தலையிடுவதில்லை.

செம்பா ஏற்றத்தில், வழக்கமான வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வேன் சோர்ந்தது.

"பாத்தியா?" என்றார். குரலில் வருத்தம் இருந்ததா என்று தேடினேன், இல்லை. தம்பியைக் கூப்பிடப் பையில் போனைத் தடவ ஆரம்பித்தார்.

"பத்து நிமிஷம் அந்தப் போனத் தொடாதீங்க," என்று சத்தம் போட்டேன். ஒதுக்கி நிறுத்திவிட்டுப் பின்னால் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். புது டின் கெட்டிப்பாலை எடுத்து, கத்தி முனையால் ஒரு ஓட்டை போட்டுக் கோப்பையில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் நின்றுவிட்டது. டின்னைக் குலுக்கினேன், திட்டினேன். கோபத்தில் இரண்டாவது ஓட்டை போட மறந்திருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு குத்து குத்தியதும் பால் கம்பியாக இறங்கியது.

எத்தனை வருடமாகக் கெட்டிப்பால் டின்னில் இரண்டு ஓட்டை போடுகிறேன். ஒன்று பால் வர, இன்னொன்று காற்று போக. அரை டின் காலியாக இருந்தால் ஒரு ஓட்டையிலும் கொஞ்சம் வரும். புது டின், நிறைந்த டின்தான் வராது. அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி, டீசல் டேங்க் பக்கம் ஓடினேன். மூடியைப் பாதி திருகியதும் உஸ்ஸென்று ஒரு சத்தம், நீண்ட சத்தம். காற்று உள்ளே போகிறது. மூடி கையோடு வந்தது. அதன் உள்பக்கத்தில் இரண்டாக மடித்த சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு, மளிகைக்கடைப் பை. மூடியின் வட்டம் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. அதை உரித்தால், அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை. டேங்குக்குக் காற்று போகிற ஒரே வழி அதுதான்.

சமதரையில் வண்டி அவ்வளவு எண்ணெய் கேட்பதில்லை, எப்படியோ சமாளித்திருக்கிறது. மேட்டில் கேட்கும்போது காற்று நுழையாத டேங்கோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அந்த மூடியை ஒரே ஒரு ஆள்தான் தொடுவார்.

அவர் இறங்கி, வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அந்தப் பிளாஸ்டிக்கை அவர் கையில் வைத்தேன்.

"இது என்ன?"

விரலால் தடவிப் பார்த்தார். "எண்ணெய் மூடியில வச்சது. நான்தான் வச்சேன். ரப்பர் தேஞ்சு போச்சு, மழத்தண்ணி உள்ள போகும்ல. லோரியில நாங்க எல்லாரும் வைப்போம்." சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னார்.

"லோரி டேங்குக்குக் காத்து எங்கேருந்து போகும்?"

"அதுக்கு மேல தனியா ஒரு சின்னக் குழா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது.

"சொல்லுங்க. இந்த வேனுக்கு அந்தக் குழா இருக்கா?"

நான் கத்தினேன். நடுரோட்டில், லோரிகள் உறுமிக்கொண்டு ஏறும் சத்தத்துக்கு மேல் கத்தினேன். ஏழு மாசம் என்றேன். கழுத்தை நெரித்தது யார் என்று கேட்டேன். கண்ட மெக்கானிக் முன்னாலும் என்னை நிற்கவைத்து என் காலைப் பற்றிப் பேசினீர்களே என்றேன். மீன்கறியைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவர் அந்தப் பிளாஸ்டிக்கைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூடியை நானே போட்டேன். வேனை எடுத்தேன். மூன்றாவது கியரில் அறுபது, வளைவு தாண்டி அறுபத்தைந்து. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டே வந்தார். மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். செம்பாவின் உச்சி வந்துவிட்டது, அது வரவில்லை. கோபம் முதலில் இருந்ததைவிட இரண்டு மடங்கானது. அப்போது அவர் போன் அடித்தது. போன் திரை அவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தம்பிதான்.

"என்ன மாமா, நின்னுருச்சா? அவன் இங்கதான் இருக்கான், பேசட்டுமா?"

"நிக்கல. ஏறிருச்சு."

"அட! யாரு ரிப்பேர் பண்ணா? செந்தூல்காரனா?"

"அவன் இல்ல. டிரைவர் கண்டுபிடிச்சாங்க."

"எந்த டிரைவர்?"

முப்பது வருடத்துக்கு மேலாக அவரை அறிவேன். டிரைவர் என்ற சொல்லை அவர் யாருக்கும் சும்மா கொடுக்க மாட்டார். துறைமுகத்தில் ஓட்டியவர்களில் பாதிப் பேர் அவருக்கு வெறும் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள்தான்.

"இந்த வேனுக்கு எத்தன டிரைவர் இருக்காங்க? உங்கக்காதான். எண்ணெய் மூடிய நான் அடைச்சு வச்சிருந்திருக்கேன். ஏழு மாசமா. விக்கல, அவன வேற பாக்கச் சொல்லு."

போனை வைத்தார். நான் விடவில்லை.

"அவன்கிட்ட சொன்னா போதுமா? ஏழு மாசமா திட்டு வாங்குனது அவனா?"

அவர் முகத்தை முன்பக்கக் கண்ணாடிப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார். "தப்பு என்னோடதும்மா. நீ மொதல்லேருந்தே நல்லாத்தான் ஓட்டியிருக்க. எனக்குத்தான் ஓட்ட முடியலன்னு ஆத்திரம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். பெந்தோங் பக்கம் இறக்கம் ஆரம்பித்திருந்தது, எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்காவது ரோடு தெரிய வேண்டும்.